பிறை நடக்கும் பாதையும் கரிசல் காட்டின் ஆவணியும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



2025 ஆகஸ்ட் மாத இறுதியில் ஒரு நாள். மஃரிபுத் தொழுகைக்குப் பின் நடைபெறும் மக்தப் வகுப்பில் பிள்ளைகள் நாள்காட்டியைப் புரட்டி விடுமுறைகளை எண்ணிக் கொண்டிருந்தனர். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம், 16 கிருஷ்ண ஜெயந்தி, 27 விநாயகர் சதுர்த்தி, செப்டம்பர் 5 மீலாது நபி. காலாண்டுத் தேர்வுக்கு முன் இத்தனை விடுமுறைகள் கிடைத்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவன் மட்டும் மகிழாமல் அமர்ந்திருந்தான். காரணம் கேட்டபோது அவன் சொன்னான்:

"உஸ்தாத், பொங்கல் எப்பவும் தை மாசம் வருது. நம்ம பெருநாள் மட்டும் ஏன் ஒரு இடத்துல நிக்காம நகர்ந்துக்கிட்டே இருக்கு? எங்க வகுப்புல ஒருத்தன் சொல்றான், நீங்க இந்த ஊர்க்காரங்களே இல்ல, அதான் உங்க பண்டிகைக்கு ஒரு மாசமே கிடையாதுன்னு."

அன்று நான் அவனுக்குச் சொன்ன விடை சுருக்கமானது. பிறையின் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஆனால் வீடு திரும்பும்போது, அவன் கேட்டது கணக்கு அன்று என்பது புரிந்தது. "நான் இந்த மண்ணைச் சேர்ந்தவன்தானா?" என்பதே அவனுடைய கேள்வி. அதற்குரிய விடையை வரலாற்றிலிருந்து எடுத்துச் சொல்லும் கடமை ஆசிரியனுக்கு உண்டு. அந்த விடையையே இங்கு எழுதுகின்றேன்.

மழையை எதிர்நோக்கும் மாதங்கள்

முதலில் நம்மைச் சுற்றியிருப்போரின் நாள்கள் ஏன் ஒரு பருவத்தில் நிலைத்து நிற்கின்றன என்பதைப் பார்ப்போம்.

கோவில்பட்டி, எட்டயபுரம், கயத்தாறு, விளாத்திகுளம், சாத்தூர், சங்கரன்கோவில் எனப் பரந்து கிடக்கும் இந்தக் கரிசல் பூமி ஆற்றுப் பாசனத்தை நம்பிய பூமியன்று. இது மானாவாரி நிலம். தென்மேற்குப் பருவக் காலத்தில் மலைக்கு அப்பால் மழை கொட்டும். நமக்கு வருவது காற்று மட்டுமே. கயத்தாற்றுப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அந்தக் காற்றே காரணம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழி நீர் வளமுள்ள ஊர்களுக்குப் பொருந்தும். கரிசல் சம்சாரிக்கு விதைப்பு புரட்டாசியிலும் ஐப்பசியிலும்தான். வடகிழக்குப் பருவமழையை நம்பியே பருத்தியும் சோளமும் கம்பும் உளுந்தும் பாசியும் இங்கு விளைகின்றன.

ஆகவே ஆடியும் ஆவணியும் இந்நிலத்தில் காத்திருப்பின் மாதங்கள். நிலத்தை உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் காலம். கையில் வேலை குறைவு; மனத்தில் கவலை மிகுதி. கோயில் கொடைகளும் திருவிழாக்களும் அந்த இடைவெளியில் இடம் பிடித்ததில் வியப்பில்லை. சங்கரன்கோவிலில் ஆடித் தபசு. ஊர்தோறும் அம்மன் கொடை. ஆவணியில் விநாயகர் சதுர்த்தி. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா ஆலயத் திருவிழா ஆகஸ்ட் 15-இல் நிறைவெய்துகிறது. வீரமாமுனிவர் என்று தமிழுலகம் அறிந்த இத்தாலியப் பாதிரியார் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றிய ஊர் அது. மலைக்கு அப்பாலோ சிங்க மாதத்துத் திருவோணம்.

இவை நம் வணக்கங்கள் அல்ல. எனினும் இவற்றுள் பலவற்றுக்குப் பின்னே மழையும் விதையும் வெள்ளாமையும் இருக்கின்றன என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் நாளை அறியாதவன் அவருடைய துன்பத்தையும் அறியமாட்டான். மழை பொய்த்த ஆண்டில் அவர்கள் ஊர் கூடி வேண்டுகின்றனர். நாம் திடலுக்குச் சென்று மழைத் தொழுகை தொழுகிறோம். வேண்டும் முறையும் நம்பிக்கையும் வேறு. காய்ந்து வெடித்துக் கிடக்கும் நிலம் ஒன்றே.

மதீனாவில் வகுக்கப்பட்ட நாள்கள்

இனி நம் நாள்களின் வரலாற்றுக்கு வருவோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது அந்நகர மக்களுக்கு ஆண்டில் இரண்டு கொண்டாட்ட நாள்கள் இருந்தன. அவற்றுக்குப் பகரமாக, அவற்றினும் மேலான இரண்டு நாள்களை அல்லாஹ் அளித்துள்ளான் என்று நபியவர்கள் அறிவித்தார்கள் என ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அவ்வாறு நமக்குக் கிடைத்தவை. இந்த இரண்டில் எதுவும் அறுவடையையோ விதைப்பையோ சார்ந்ததன்று. ஒன்று நோன்பின் நிறைவு. மற்றொன்று இப்ராஹீம் (அலை) அவர்களின் தியாகத்தை நினைவுகூர்வது.

அதே மதீனாவில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. முஹர்ரம் பத்தாம் நாளில் யூதர்கள் நோன்பிருந்தனர். மூஸா (அலை) அவர்களை அல்லாஹ் காப்பாற்றிய நாள் என்பதனால் அந்த நோன்பு. மூஸா நபிக்கு நாங்கள் மிகவும் உரியவர்கள் என்று கூறி நபியவர்களும் அந்நாளில் நோன்பு நோற்றார்கள். பிறரையும் நோற்கச் சொன்னார்கள். தம் இறுதிக் காலத்தில், அடுத்த ஆண்டு ஒன்பதாம் நாளும் சேர்த்து நோற்க விரும்புவதாகக் கூறினார்கள்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் பிள்ளைகளுக்கு நான் சேர்த்தே சொல்வது வழக்கம். முதலாவது, நமக்கென்று தனி நாள்கள் உண்டு என்பதைக் கற்பிக்கிறது. இரண்டாவது, அடுத்தவருடைய நாளில் ஒரு நன்மை இருந்தால் அதை நன்மையென்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மையையும், அப்படி ஒப்புக்கொள்ளும்போதே தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் முறையையும் கற்பிக்கிறது. வரம்பும் உண்டு, பகையில்லை.

பெருநாள் ஏன் நகர்கிறது என்பதற்கு மூன்றாவது நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அன்றைய அரபிகள் போருக்கும் பிற வசதிகளுக்கும் ஏற்பப் புனித மாதங்களைத் தள்ளி வைத்தனர். அந்த வழக்கத்திற்கு 'நஸீஉ' என்று பெயர். மாதங்களின் எண்ணிக்கை பன்னிரண்டே என்றும், இவ்வாறு தள்ளிப் போடுவது தவறென்றும் திருக்குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் அறிவித்தது. ஹிஜ்ரி 10-இல் நிகழ்ந்த இறுதி ஹஜ்ஜின் பேருரையிலும் நபியவர்கள் இதை உறுதிப்படுத்தினார்கள். பின்னர் ஹிஜ்ரி 17 அளவில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்டு ஆண்டுக் கணக்கை ஏற்படுத்தியபோது அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கே நிலைத்தது.

இங்குதான் நம் நாள்காட்டியும் பஞ்சாங்கமும் பிரிகின்றன. பன்னிரண்டு பிறை மாதங்கள் சேர்ந்தால் 354 அல்லது 355 நாள்கள். சூரிய ஆண்டோ 365 நாள்கள். ஏறத்தாழ 11 நாள்கள் குறைகின்றன. நம் நாட்டுப் பஞ்சாங்க முறையில் மூன்று ஆண்டுகளுக்குள் ஒருமுறை 'அதிக மாதம்' ஒன்றைச் சேர்த்து இந்தக் குறைவை ஈடு செய்கின்றனர். அதனால் அவர்களுடைய பண்டிகைகள் சற்று முன்பின்னாக வந்தாலும் பருவத்தை விட்டு விலகுவதில்லை. நம் ஹிஜ்ரி ஆண்டில் மிகை மாதத்திற்கு இடமில்லை. ஆகவே நம் நாள்கள் ஆண்டுதோறும் 11 நாள்கள் முன்னேறிச் சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வருகின்றன.

இதில் ஒரு நீதி இருக்கிறது. ரமளான் எப்போதும் மார்கழியிலேயே வருமானால் நமக்கு நோன்பு எளிது. பூமியின் தென்பாதியில் வாழும் சகோதரர்களுக்கோ அது என்றும் கோடை நோன்பாகவே இருந்திருக்கும். மாதம் நகர்வதால் எளிமையும் கடுமையும் எல்லா நாட்டாருக்கும் பங்கிடப்படுகின்றன. நான் சிறுவனாக இருந்து முதல் நோன்பு நோற்றது 1986-ஆம் ஆண்டு மே மாதத்தில், கத்திரி வெயிலில். 33 ஆண்டுகள் கழித்து 2019-இல் அதே மே மாதத்தில் ரமளான் வந்தது. அதே வெயிலில் என் மகன் தன் முதல் நோன்பை நோற்றான். அஸர் நேரத்தில் அவன் முகம் வாடியதைக் கண்டபோது, என் தாயார் ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்தது நினைவுக்கு வந்தது. பிறை ஒரு சுற்று முடித்து எங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்திருந்தது.

ரசீதில் மறைந்திருக்கும் ஹிஜ்ரி

"பருவத்தோடு ஒட்டாத கணக்கு இந்த மண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?" என்று ஒருவர் கேட்கலாம். இந்த மண்ணின் வருவாய்க் கணக்கே அதற்கு விடை கூறுகிறது.

கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கும் எந்தச் சம்சாரியும் 'பசலி' என்ற சொல்லை அறிவார். தீர்வை ரசீதிலும் ஜமாபந்தியிலும் பசலி ஆண்டுதான். 2025 ஜூலை 1-இல் தொடங்கியது பசலி 1435. 'ஃபஸ்ல்' என்ற அரபுச் சொல்லுக்குப் பருவம் என்பது பொருள். அறுவடைக் காலத்தையும் அது குறிக்கும். ஹிஜ்ரி ஆண்டின்படி நிலவரி தண்டினால், வெள்ளாமை வீடு சேர்வதற்கு முன்பே வரி கேட்கும் நிலை சில ஆண்டுகளில் ஏற்படும். அது குடியானவர்களுக்குக் கொடுமை. அதனால் முகலாயர் ஆட்சியில், வடக்கே அக்பர் காலத்திலும் தக்காணத்தில் ஷாஜஹான் காலத்திலும், ஹிஜ்ரி எண்ணையே எடுத்துக்கொண்டு அதைச் சூரிய ஆண்டாக மாற்றினர். தக்காணத்தில் இது 1636-ஐ ஒட்டி நிகழ்ந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்தில் பசலித் தொடக்கம் ஜூலை 1 என நிலைப்பட்டது. இன்றும் நம் வட்டாட்சியர் அலுவலகங்களில் அந்தக் கணக்கே வழங்குகிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பசலி 1435 தொடங்கிய நாளில் ஹிஜ்ரி ஆண்டு 1447. இரண்டுக்கும் வேறுபாடு 12. 1636-இல் ஒரே எண்ணில் நின்ற இரு கணக்குகளில் ஒன்று வயலோடு நின்றுவிட்டது. மற்றொன்று பிறையோடு நடந்தது. 389 ஆண்டுகளில் ஆண்டுக்கு 11 நாள்களாக அது முந்திச் சென்றதன் கூட்டுத்தொகையே அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள். எங்கள் வகுப்பில் இதைக் கணக்காகவே கொடுத்தேன். தன் தந்தையின் பழைய தீர்வை ரசீதைக் கொண்டு வந்து மாணவன் ஒருவன் வேறுபாட்டைக் கண்டுபிடித்தான்.

இதில் நாம் கற்க வேண்டியது உண்டு. உழவனின் பொருளைத் தொடும் கணக்கை முஸ்லிம் ஆட்சியாளர்கள் பருவத்தோடு இணைத்தனர். வணக்கத்தின் கணக்கைப் பிறையோடு விட்டுவைத்தனர். வரிக்காக மார்க்கத்தின் மாதத்தை மாற்றவுமில்லை. மாதத்தின் பெயரால் குடியானவனை வருத்தவுமில்லை. கரிசல் காட்டின் ஒவ்வொரு புஞ்சைக் கணக்கிலும் ஹிஜ்ரத்தின் சுவடு இருக்கும்போது, நமக்கு இந்த மண்ணில் மாதமில்லை என்று யார் கூற முடியும்?

எட்டயபுரத்தில் ஒரு புலவர்

கோவில்பட்டியிலிருந்து சிறிது தூரத்தில் உள்ளது எட்டயபுரம். பாரதியார் பிறந்த ஊர் என்று எல்லோரும் அறிவர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருக்கும் ஊரும் அதுவே. 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர் எட்டயபுரம் அரசவையில் புலவராக இருந்தார். அவருக்குத் தமிழ் கற்பித்த ஆசான் அதே அவையின் கடிகைமுத்துப் புலவர். அவர் முஸ்லிம் அல்லர். நபியவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்கத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அவர் மறைந்த பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது அந்நூல்.

அந்நூலின் நாட்டுப் படலத்தைப் படிப்போர் ஒன்றைக் கவனிப்பர். பாலைவன அரபு நாட்டை, மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும் தமிழ் மருத நிலமாகவே புலவர் வருணிக்கிறார். காப்பிய மரபு அது என்று இலக்கணம் அறிந்தோர் கூறுவர். உண்மைதான். ஆயினும் மழைக்கு ஏங்கும் கரிசல் சீமையின் அவைப் புலவர் ஒருவர், நபி பிறந்த நாட்டிற்கு முதலில் மழையைக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போது என் நெஞ்சம் நெகிழ்கிறது. பருவத்திற்குக் கட்டுப்படாத மார்க்கம், தமிழில் தன் வரலாற்றைச் சொல்லும்போது இந்த நிலத்தின் மழையையும் வயலையும் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. அதைச் செய்தவருக்குத் தமிழ் கற்பித்தவர் மாற்று மதத்து ஆசான்.

அரசு நாள்காட்டியில் நம் நாள்

பொதுவிடுமுறை என்பது பழைய வழக்கமன்று. அரசு விடுமுறைகளுக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம். உண்டியலும் காசோலையும் பற்றிய சட்டம் அது. பணம் செலுத்த வேண்டிய நாள் விடுமுறையாக இருந்தால் என்ன செய்வது என்பதற்காக அதில் பொதுவிடுமுறை வரையறுக்கப்பட்டது. ஞாயிறு, ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை சட்டத்திலேயே இடம்பெற்றன. ஏனையவை அரசு அறிவிக்கும் நாள்கள். நம் மார்க்கத்தில் வெள்ளிக்கிழமை கூட முழு ஓய்வு நாளன்று. ஜும்ஆ முடிந்தவுடன் பூமியில் பரவிச் சென்று வாழ்வாதாரம் தேடுமாறு திருக்குர்ஆனின் 62-ஆம் அத்தியாயம் கூறுகிறது.

இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 ஒரு வெள்ளிக்கிழமை. அது ரமளானின் கடைசி வெள்ளியும் ஆகும். நாட்டின் முதல் விடுதலை நாளை இந்நாட்டு முஸ்லிம்கள் நோன்போடு வரவேற்றனர். மூன்று நாள்களில், ஆகஸ்ட் 18-இல், நோன்புப் பெருநாள். சுமார் 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த நெருக்கம் திரும்பி வருகிறது. இரு சுற்றுகள் கழிந்து 2012-இல் சுதந்திர தினம் மீண்டும் ரமளானின் இறுதிப் பத்தில் வந்தது. ஆகஸ்ட் 20-இல் பெருநாள்.

மீலாது நபிக்குத் தமிழ்நாட்டில் 1969-இல், மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, அரசு விடுமுறை அளிக்கப்பட்டது. நாடு முழுமைக்கும் அதை விடுமுறையாக அறிவித்தவர் பிரதமர் வி.பி. சிங். 1990 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் ஆற்றிய சுதந்திர தின உரையில் அதனை அறிவித்தார். மீலாதைக் கொண்டாடுவது பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இர்பில் நகர ஆட்சியாளர் முழஃப்பருத்தீன் பெரும் விழாவாக அதை நடத்தியதும், பிற்காலத்தில் இமாம் சுயூத்தி அதை ஆதரித்து எழுதியதும், அதை மறுத்த அறிஞர்கள் இருந்ததும் வரலாறு. அந்த விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் இரு தரப்பாரும் ஏற்கும் ஒன்று உண்டு. இரண்டு பெருநாள்களும் மார்க்கத்தால் விதிக்கப்பட்டவை. ஊர்வலம் அப்படி விதிக்கப்பட்டதன்று.

ஒரே பிறை, ஒரே தெரு

இந்த வேறுபாட்டை மும்பை முஸ்லிம்கள் அண்மையில் செயலில் காட்டினர்.

2023 செப்டம்பர் 28. ரபீஉல் அவ்வல் 12-ஆம் நாளும், விநாயகர் சிலைகளைக் கடலில் கரைக்கும் அனந்த சதுர்த்தசியும் ஒரே நாளில் வந்தன. லட்சக்கணக்கானோர் தெருவில் திரளும் நாள் அது. மும்பையின் மீலாது ஊர்வலம் 1919-இல் கிலாஃபத் இயக்கக் காலத்தில் தொடங்கியது. கிலாஃபத் கமிட்டியே அதை நடத்தி வருகிறது. அவர்கள் கலந்து பேசி ஊர்வலத்தை மறுநாளுக்கு மாற்றினர். அரசும் விடுமுறையை 29-ஆம் தேதிக்கு மாற்றியது. 2024-இலும் 2025-இலும் அவ்விரு நாள்களும் அடுத்தடுத்து வந்தன. இரு ஆண்டுகளிலும் ஊர்வலம் தள்ளி வைக்கப்பட்டது.

தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இவ்வாறு நிகழ்ந்ததற்குக் காரணம் உண்டு. சதுர்த்தி என்பது வளர்பிறையின் நான்காம் நாள். சதுர்த்தசி பதினான்காம் நாள். நம் ரபீஉல் அவ்வலும் அதே பிறையைக் கண்டே தொடங்குகிறது. 2025 ஆகஸ்ட் 27-இல் நம் தெருக்களில் விநாயகர் சதுர்த்தி. நமக்கு அன்று ரபீஉல் அவ்வல் மூன்றாம் நாள். இரு வீட்டாரும் பார்த்தது ஒரே பிறை. திருவோணமும் 2025-இல் செப்டம்பர் 5 அன்றே, மீலாது நபி நாளிலேயே வந்தது. 2026-இல் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் ஒன்று சேர்வதால் சதுர்த்தி செப்டம்பர் 14-க்குச் செல்கிறது. நம் ரபீஉல் அவ்வல் ஆகஸ்டுக்கு முந்துகிறது. இனி அவை மீண்டும் நெருங்கி வர முப்பது ஆண்டுகளேனும் ஆகும்.

ஒன்றைக் கவனியுங்கள். தெருவில் திரண்டு செல்லும் இந்த ஊர்வலங்கள் எவருக்கும் மிகப் பழமையானவை அல்ல. விநாயகர் சதுர்த்தியைப் பொது விழாவாக விரிவுபடுத்தியதில் பெயர் பெற்றது திலகரின் 1893-ஆம் ஆண்டுப் பூனா முயற்சி. மும்பையின் மீலாது ஊர்வலத்திற்கு 1919. இரண்டும் நூற்றாண்டுக் கணக்கில் இளையவை. பழமையான நட்பை இளமையான ஊர்வலத்திற்காக இழப்பது அறிவுடைமையாகாது. மார்க்கம் விதித்த நேரத்தை நாம் ஒரு நொடியும் மாற்ற இயலாது. மார்க்கம் விதிக்காத ஒன்றை, அண்டை வீட்டாரின் அமைதிக்காக ஒரு நாள் தள்ளி வைத்தால் நம் ஈமான் குறையாது. தெருவை விட்டுக் கொடுக்கலாம். தீனை விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் தெருவில் இதை எழுதி வைக்காமலேயே கடைப்பிடிக்கும் ஒரு குடும்பம் உண்டு. சதுர்த்தியன்று படையலுக்கு வைக்கும் முன்பே சில கொழுக்கட்டைகளைத் தனியே எடுத்து எங்கள் வீட்டிற்குக் கொடுத்து அனுப்புவார்கள். "இது சாமிக்கு வைக்காதது பாய், பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று அந்த வீட்டு அம்மா சொல்வார். படைத்ததை நாங்கள் உண்பதில்லை என்பதை அவரிடம் நாங்கள் விவாதித்ததில்லை. அவரே அறிந்து வைத்திருக்கிறார். ஹஜ்ஜுப் பெருநாளில் அவர் வீட்டிற்கு நாங்கள் இறைச்சி அனுப்புவதில்லை. பாயசமும் பழமும் அனுப்புகிறோம். அவர்கள் புலால் உண்பதில்லை என்பதை நாங்களும் அறிந்து வைத்திருக்கிறோம். வரம்பை அறிந்து காப்பதும் அன்பின் ஒரு வகைதான்.

அந்த மாணவனுக்கு

என் அன்பு மாணவனே, உன் வகுப்புத் தோழனிடம் சண்டையிடாதே. அவன் அறியாமல் கேட்டதற்கு நீ அறிந்து விடை சொல்.

எங்கள் பெருநாளுக்கு ஒரு மாதம் இல்லை என்பது உண்மையன்று. பன்னிரண்டு மாதமும் எங்களுக்கு உண்டு என்று சொல். இந்தக் கரிசல் காட்டின் கத்திரி வெயிலிலும் நாங்கள் நோன்பிருந்திருக்கிறோம். கார்த்திகை மழையிலும் பெருநாள் தொழுதிருக்கிறோம். ஆடிக் காற்றில் பிறை பார்த்திருக்கிறோம். தைக் குளிரில் ஸஹருக்கு எழுந்திருக்கிறோம். ஒரு பருவத்தில் மட்டும் வந்து செல்பவன் விருந்தாளி. எல்லாப் பருவத்தையும் தாங்கி நிற்பவன் வீட்டுக்காரன். உன் அப்பாவின் ரசீதில் உள்ள பசலி எண்ணையும் அவனுக்குக் காட்டு. ஒரு நாள் அவனையும் அழைத்துக்கொண்டு எட்டயபுரத்திற்குச் சென்று வா. உமறுப்புலவர் அடங்கிய இடத்தையும் பார். பாரதியார் பிறந்த வீட்டையும் பார்.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் ஊரின் தீப்பெட்டி ஆலைகளில் செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் சகோதரிகள் பலர் இருக்கின்றனர். நாள்காட்டியில் சிவப்பு மையில் அச்சிட்ட நாள் அவர்களுக்குக் கூலியில்லாத நாளாகவே கழிகிறது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான விடுமுறைச் சட்டம் 1958-இலிருந்தே இருக்கிறது. தேசிய நாள்களுக்கும் பண்டிகை நாள்களுக்கும் ஊதியத்தோடு விடுமுறை அளிக்க அது வழி செய்கிறது. தொழில் நடத்தும் நம் சகோதரர்கள், தம்மிடம் உழைப்பவர் எந்த மதத்தவராயினும், அவருடைய பண்டிகை நாளில் அவர் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று பார்க்கட்டும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். அந்த நபி பிறந்த மாதத்தைச் சிறப்பிக்க இதனினும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குத் தம் மார்க்கத்தைப் பற்றிய தெளிவையும் தம் மண்ணைப் பற்றிய உரிமையுணர்வையும் தந்தருள்வாயாக. எங்கள் அண்டை வீட்டாரின் உள்ளங்களையும் எங்கள் உள்ளங்களையும் அமைதியால் இணைப்பாயாக. காத்துக் கிடக்கும் இந்தக் கரிசல் பூமிக்குப் பயனுள்ள மழையைப் பொழிவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.